தீப்பெட்டிக்குள் மேஸ்திரி

நான் கத்தினால் எங்கள் தெருவே எழுந்துவிடும். இதை நானாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பொன்னியம்மா ஆன்ட்டி சொல்கிறார். அவர் வீட்டுச் சேவல்கூட என் குரலைக் கேட்ட பிறகுதான் கூவுமாம்.

ஆனால் அன்றைக்கு நான் கத்தியதில் ஒரு தப்பும் இல்லை. நீங்களே சொல்லுங்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டே கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்க்கிறீர்கள். உள்ளே உங்கள் செல்ல நண்டு மல்லாந்து கிடக்கிறது. கால்கள் எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. கத்துவீர்களா, மாட்டீர்களா?

"ஐயோ! மேஸ்திரி செத்துட்டான்!"

வாயிலிருந்த நுரையெல்லாம் டிவி மேல் தெறித்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா பாதி சட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். தம்பி ஆன்சன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான்.

என் பெயர் ரெனிதா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். பட்டாபிராமில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. சரக்கு ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும்.

அம்மாவின் தம்பி அலெக்ஸ் மாமா கொளத்தூரில் வண்ண மீன் கடையில் வேலை செய்கிறார். என் பிறந்தநாளுக்கு அவர் கொண்டுவந்து வைத்ததுதான் இந்தத் தொட்டி. ஒன்றரை அடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், காற்றுக்குமிழி விடும் குழாய். மீன் ஒன்றுகூட இல்லை. மூன்று துறவி நண்டுகள் மட்டும்தான்.

துறவி நண்டு என்றால் ஏதோ சாமியார் நண்டு என்று நினைக்காதீர்கள். அதற்கு உடம்பின் பின்பாதியில் ஓடு கிடையாது. மெத்தென்று இருக்கும். அதனால் காலியாகக் கிடக்கும் சங்கு ஒன்றைத் தேடி உள்ளே புகுந்துகொள்ளும். அதையே வீடாக முதுகில் தூக்கிக்கொண்டு திரியும். உடம்பு வளர்ந்தால் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளும். எங்களுக்கும் இது மூன்றாவது வாடகை வீடு. அதனால்தானோ என்னவோ, பார்த்தவுடனே எனக்கு அவற்றைப் பிடித்துவிட்டது.

மூன்றும் என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. சிவப்புக் காலோடு துள்ளித் திரிகிறவள் மிளகாய். எல்லாரையும்விடச் சின்னதாக, ஆரஞ்சு வரி போட்டது சுண்டைக்காய். நீலக் கால்காரன்தான் மேஸ்திரி. கீழே கிடக்கும் காலிச் சங்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டுவான். உள்ளே காலை விட்டுத் தடவுவான். வாசலை அளந்து பார்ப்பான். பிறகு, "சரிப்படாது" என்பதுபோல அடுத்ததற்குப் போய்விடுவான். வீடு பார்க்க வந்த மேஸ்திரி மாதிரியே இருக்கும்.

அந்த மேஸ்திரிதான் செத்துக் கிடந்தான்.

நான் அழுத அழுகையில் அம்மா ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து கொடுத்தாள். ஆன்சன் அதில் பஞ்சு வைத்தான். பக்கத்து வீட்டு இனாயா என் வகுப்புத் தோழி. அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் துஆ கேக்கறேன் ரெனி," என்றாள். பொன்னியம்மா ஆன்ட்டி தான் கட்டிக்கொண்டிருந்த மல்லியில் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார். மாடியிலிருந்து வீட்டுக்காரர் கன்னியப்பன் ஐயாகூட இறங்கி வந்து நின்றார். கறிவேப்பிலைத் தொட்டியில் மேஸ்திரியை அடக்கம் செய்தோம். நான் ஒரு ஜெபம் சொன்னேன். அழுகையில் பாதி ஜெபம் யாருக்கும் புரியவில்லை.

எல்லாம் முடிந்து உள்ளே வந்தால், தொட்டிக்குள் மேஸ்திரி நடந்துகொண்டிருந்தான்!

"பேய்!" என்று ஆன்சன் அம்மாவின் பின்னால் ஒளிந்தான்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அலெக்ஸ் மாமாவுக்குப் போன் போட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது சட்டை உரிச்சிருக்கு ரெனி! உடம்பு வளந்தா மேல் தோல அப்படியே கழட்டிப் போட்டுடும். கால், கொடுக்கு, கண்ணு எல்லாம் அச்சு அசலா அதுல இருக்கும். நீ வெறும் சட்டையப் புதைச்சிருக்க!"

அவ்வளவுதான். தெருவில் என் மானம் கப்பலேறிவிட்டது.

"இன்னா ரெனி, இன்னிக்கு அடக்கம் எத்தினி மணிக்கு?" என்று பொன்னியம்மா ஆன்ட்டி தினமும் கேட்பார். கன்னியப்பன் ஐயா என்னைப் பார்த்தாலே, "சட்டை தைக்கிற வீட்டுல சட்டைக்கு அடக்கம்!" என்பார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள், அதற்காக. அப்பாதான் எல்லாரையும்விட மோசம். நான் சும்மா தும்மினால்கூட, "இன்னொரு அடக்கமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

இதெல்லாம் பிப்ரவரியில் நடந்தது. ஏப்ரலில் நடந்ததுதான் உண்மையான பயங்கரம்.

அதற்கு முன் அப்பாவின் செம்புப் பானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா பெயர் பால்ராஜ். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்யும் அசோக் மாமா, "செம்புப் பானைத் தண்ணி குடி, நோயே வராது," என்று சொன்னாராம். அடுத்த ஞாயிறே அப்பா பளபளவென்று ஒரு பானை வாங்கி வந்துவிட்டார். ராத்திரி அதில் கேன் தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார். காலையில் எழுந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர். குடிக்காமல் தப்பிக்கவே முடியாது. ஆன்சன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். சனிக்கிழமை ஆனால் அப்பா புளி போட்டுப் பானையைத் தேய்த்து, அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவுவார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

சரி, இப்போது ஏப்ரலுக்கு வருவோம். முழு ஆண்டுப் பரீட்சை நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஒரு சனிக்கிழமை நான் போட்ட கீரைத்துண்டு ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கிடந்தது. மிளகாய் ஒரு மூலையில் நகராமல் உட்கார்ந்திருந்தாள். சுண்டைக்காய் சங்கோடு சாய்ந்து கிடந்தது. மேஸ்திரி எந்தச் சங்கையும் புரட்டவில்லை.

"அம்மா, நண்டுங்களுக்கு என்னமோ ஆச்சு. சாப்பிடவே இல்ல," என்றேன்.

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா, "சட்டை மாத்தப் போவுதா இருக்கும். நீ போய்க் கணக்குப் போடு," என்றாள்.

"மூணு பேரும் ஒரே நாள்லயா மாத்துவாங்க?"

"தீபாவளி வந்திருக்கும்!" என்றார் அப்பா, சத்தமாகச் சிரித்துக்கொண்டே. "இன்னா ரெனி, தீப்பெட்டி எடுக்கட்டா? இன்னொரு அடக்கமா?"

அலெக்ஸ் மாமாவுக்குப் போன் செய்தேன். அவரும் சிரித்தார். "போன தடவ மாதிரிதான். பயப்படாத. நாளைக்கு ராத்திரி வந்து பாக்கறேன்."

ஒரு தடவை தப்பாகக் கத்திவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் நம்பமாட்டார்களா? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கோட்டைக் கவனித்தேன்.

தொட்டிக் கண்ணாடியில் மாமா பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், கேன் தண்ணீர் ஊற்றிக் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். உப்பு ஆவியாகாது, அதனால் நல்ல தண்ணீர் மட்டும் போதும். மார்ச் மாதம் எல்லாம் தினமும் சாயங்காலம் நான்தான் ஊற்றுவேன்.

இப்போது சில நாட்களாகத் தண்ணீர் சரியாகக் கோட்டிலேயே நின்றது. எனக்கு வேலை மிச்சம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். படிக்க வேண்டியதுதான் மலை மாதிரி இருக்கிறதே!

ஆனால் இந்த வெயிலில் வாளித் தண்ணீரே பாதியாகிவிடுகிறது. தொட்டித் தண்ணீர் மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கும்? யாரோ ஊற்றுகிறார்கள்!

நேராக ஆன்சனிடம் போனேன். "டேய், உண்மையச் சொல்லு. தொட்டிக்குள்ள என்ன போட்ட?"

அவன் முழித்த முழியே சரியில்லை. "ஒன்னே ஒன்னுதான்க்கா."

"என்னது?"

"பூந்தி. ஆனா மேஸ்திரி வேணான்னு தள்ளிட்டான். நானே எடுத்துத் தின்னுட்டேன்."

"சீ! அது எப்போ?"

"கிறிஸ்துமஸுக்கு."

தொட்டி வந்ததே ஜனவரியில். இவனிடம் விசாரித்தால் இப்படித்தான்.

திங்கட்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை. ஆனால் அன்று விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. மனசு சரியில்லை. எழுந்து கூடத்துக்கு வந்தேன். வாசல் படியருகே அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா வேலைக்குப் போகும் சட்டையோடு தொட்டி முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையிலும் செம்புப் பானை. அதைச் சாய்த்து, மணல் கலங்காமல் மெதுவாக, தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குடிங்கடா ராஜாக்களா," என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். "இன்னா, ரெண்டு நாளா சோர்ந்து கீறீங்க? பாப்பா பயந்துட்டா பாருங்க. இன்னிக்கு ரெண்டு டம்ளர் சேத்தே ஊத்தறேன். தெம்பா எழுந்து ஓடணும், இன்னா?"

ஃப்ரிட்ஜ் கதவில் மாமா எழுதி ஒட்டிய விதிகள் இருந்தன. கடைசி விதி எனக்கு மனப்பாடம். 'மீன் மருந்து எதுவும் ஊற்றாதே. அதில் செம்பு கலந்திருக்கும். நண்டுக்குச் செம்பு விஷம்.' நம் வீட்டில் மீன் மருந்தே இல்லையே என்று அதை நான் பெரிதாக நினைக்கவே இல்லை. செம்பு அடுக்களையில், பானை உருவத்தில் உட்கார்ந்திருந்தது!

"அப்பா! நிறுத்து!"

சேவல் கூவுவதற்கு முன்பே கத்திவிட்டேன். அப்பா அதிர்ந்து போய்ப் பானையை இறக்கினார். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.

"இன்னாமா? இன்னா ஆச்சு?"

"எத்தன நாளா ஊத்தற?"

"பத்துப் பன்னெண்டு நாளா. உனக்குப் பரீட்ச, நீ எதுக்கு இதுக்கெல்லாம் அலையணும்னுட்டு... கேன் தண்ணிதான்மா! உங்க மாமா எழுதினத பாத்துட்டுதான் ஊத்தினேன். கொழாத் தண்ணி கூடாதுன்னு போட்டிருந்தான்ல?"

"கடைசி விதியப் படி ப்பா."

அப்பா ஃப்ரிட்ஜ் அருகே போய்ப் படித்தார். ஒரு முறை படித்தார். திரும்பவும் படித்தார். கையிலிருந்த பானையைப் பார்த்தார்.

"நமக்கு நல்லதுன்னு சொன்னாங்களேமா..."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பானையைத் தூக்கி ரயில் பாதையில் வீசியிருப்பேன். 'இன்னொரு அடக்கமா?' என்று சிரித்தாரே! வாயைத் திறந்தேன். அதற்குள் தொட்டிக்குள் பார்த்துவிட்டேன்.

மேஸ்திரியின் சங்கு ஒரு பக்கம் கிடந்தது. மேஸ்திரி வேறு பக்கம் கிடந்தான். சங்கை விட்டு முழுவதுமாக வெளியே வந்திருந்தான். அவனுடைய மெத்தென்ற பின்னுடம்பு சுருண்டு வெளிறித் தெரிந்தது. துறவி நண்டு தன் வீட்டைக் கைவிட்டு வந்துவிட்டால், அதனால் இனி தாங்கவே முடியவில்லை என்று அர்த்தம். மாமா சொல்லியிருக்கிறார்.

இது சட்டை இல்லை. இது மேஸ்திரியேதான். அவனுடைய மீசை லேசாக ஆடியது.

கோபப்பட நேரம் இல்லை.

"ப்பா, படிக்குக் கீழ நீல வாளி கீது. மூடியத் தொறக்காம தூக்கிட்டு வா. ஓடு!"

வாரம் ஒரு முறை மாற்றுவதற்காக ஒரு வாளி உப்புத் தண்ணீர் எப்போதும் கலந்து தயாராக வைத்திருப்பேன். அதுவும் மாமாவின் விதிதான். அப்பா ஓடினார். நான் அம்மாவின் மெஷின் மேலிருந்த பிரியாணி பக்கெட்டை எடுத்தேன். யார் வீட்டுக் கல்யாணத்திலோ கொடுத்த பிளாஸ்டிக் பக்கெட் அது. அம்மா அதில் நூல்கண்டு போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் பாயில் கவிழ்த்தேன்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அடியே, என் நூலு! காலங்காத்தால இன்னா பண்ற, நண்டு பிரியாணியா?"

"அம்மா, நூல் சாகாது. நண்டு செத்துடும். அந்தக் காத்துக் கொழாயக் கழட்டிக் குடு."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உடனே குழாயைக் கழற்றிக் கொடுத்தாள்.

பக்கெட்டில் சுத்தமான உப்புத் தண்ணீரை ஊற்றினோம். மிளகாயையும் சுண்டைக்காயையும் சங்கோடு தூக்கி அதில் விட்டேன். மேஸ்திரியை மட்டும் பிளாஸ்டிக் ஸ்பூனால் ஏந்தினேன். என் கை நடுங்கியது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் நடுங்கியது. இரண்டு நடுக்கத்துக்கு நடுவில் மேஸ்திரி எப்படியோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான்.

காலிச் சங்குகளை எல்லாம் வாளித் தண்ணீரில் அலசி, அவன் பக்கத்தில் வாய் தெரியும்படி வைத்தேன்.

"எந்த வீடு வேணுமோ எடுத்துக்கடா," என்றேன். "வாடக வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை.

தெருமுனையில் அப்பாவின் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. அப்பா நகரவில்லை.

"பஸ் போயிடும் ப்பா."

"போட்டும்."

கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு முழுப் பரீட்சை நேரம் மாதிரி இருந்தது. பிறகு ஒரு நீலக் கால் நீண்டது. பக்கத்துச் சங்கின் வாயைத் தொட்டது. தடவியது. அந்த நிலைமையிலும் வாசலை அளந்துதான் பார்த்தான்! அப்புறம் மெல்லத் திரும்பி, பின்பக்கமாக உள்ளே வழுக்கிப் போய்விட்டான்.

"உள்ள போயிட்டான்!" என்று ஆன்சன் குதித்தான்.

போனவன் போனவன்தான். கால் நுனிகூட வெளியே தெரியவில்லை.

என் சத்தம் கேட்டுப் பொன்னியம்மா ஆன்ட்டியும் இனாயாவும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். ஆன்ட்டி இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "இன்னாம்மா ஆச்சு? யாரு இன்னாத்த ஊத்தினாங்க?" என்று கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாளைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கன்னியப்பன் ஐயா ஒரு வருஷத்துக்கு விடமாட்டார். தெருவே சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

"தண்ணி கெட்டுப்போச்சு ஆன்ட்டி," என்றேன். "மாத்திட்டோம்."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கணக்குப் பரீட்சை எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். சதுரத்தின் பரப்பளவுக்குப் பக்கத்தில் ஒரு சங்கு வரைந்துவிட்டேன். இனாயா, "அழிச்சிடு, அழிச்சிடு" என்று வாயசைத்துக் காட்டியதால் தப்பித்தேன்.

ராத்திரி அலெக்ஸ் மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "ரெனி, நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா," என்றார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, மணலையும் மாற்றி, எல்லாம் புதிதாக அமைத்தார். மறுநாள் மூவரையும், அலசிய காலிச் சங்குகளையும் தொட்டிக்கு மாற்றினோம். போகும்போது மாமா விதிகளின் கடைசியில், 'செம்புப் பாத்திரத் தண்ணீரும் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மிளகாய் நடந்தாள். வியாழக்கிழமை சுண்டைக்காய் கீரையைக் கடித்தது. மேஸ்திரி மட்டும் வெளியே வரவே இல்லை. சங்கு ஒரே இடத்தில், ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அப்பா வேலைவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார். செம்புப் பானை பரண்மேல் ஏறிவிட்டது. காலையில் டம்ளரே இல்லை என்பதால் ஆன்சனுக்கு மட்டும் கொண்டாட்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கூடத்துக்கு வந்தபோது, அப்பா தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சுக்கடா மேஸ்திரி," என்று மெல்லச் சொன்னார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நல்ல தண்ணின்னு நெனச்சுதான ஊத்துன ப்பா."

"ஊத்தினது கூடப் பரவால்லமா. நீ வந்து சொன்னப்ப நான் சிரிச்சேன் பாரு. அதான் தாங்கல."

அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அந்தச் சங்கையே பார்த்தோம். அது அசையவில்லை.

மறுநாள் காலையில் ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ! மேஸ்திரி செத்துட்டான்!"

இந்தத் தடவை கத்தியது நான் இல்லை. அப்பா!

ஓடிப் போய்ப் பார்த்தேன். மணல் மேல் மேஸ்திரி மல்லாந்து கிடந்தான். கால்கள் விறைத்திருந்தன. அவன் புகுந்த சங்கு பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அம்மாவிடம் புலம்பினார். "நான் கொன்னுட்டேன் சாரா. புள்ள ஆசையா வளத்தத நான் கொன்னுட்டேன்." அம்மா அவர் முதுகைத் தடவினாள்.

பொன்னியம்மா ஆன்ட்டி பாதி கட்டிய பூவோடு ஓடி வந்தார். இனாயா ஓடி வந்தாள். கன்னியப்பன் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். ஆன்சன் உள்ளே போய்த் தீப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளேயிருந்த குச்சிகளை எல்லாம் வழியிலேயே கொட்டியிருந்தான்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் எதையும் எண்ணாமல் அழக்கூடாது என்று நான் பிப்ரவரியிலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் மூக்கு அழுந்த உள்ளே பார்த்தேன். மிளகாய், ஒன்று. சுண்டைக்காய், இரண்டு. அவ்வளவுதான். மறுபடியும் பார்த்தேன். மல்லாந்து கிடந்த மேஸ்திரி காற்றுக்குமிழி பட்டதும் பஞ்சு மாதிரி மிதந்து புரண்டான். அவனுக்கு எடையே இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை!

தொட்டியின் மூலையில் ஒரு பெரிய வெள்ளைச் சங்கு கிடந்தது. ஜனவரியிலிருந்து மேஸ்திரி இருபது தடவையாவது அளந்து பார்த்து, வேண்டாம் என்று விட்ட சங்கு. அது மெல்ல அசைந்தது. வாசலில் இரண்டு கால்கள் எட்டிப் பார்த்தன. அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை.

"ப்பா, எழுந்து வா. எண்ணு."

"வேணாம்மா..."

"எண்ணு ப்பா!"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒன்னு... ரெண்டு..."

"அந்த மூலையப் பாரு."

அப்பா பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு தெருவே அதிரும்படி கத்தினார். "மூணு! சாரா, மூணு! சட்டை மாத்திட்டான்டி! வீடும் மாத்திட்டான்!"

அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். பொன்னியம்மா ஆன்ட்டி பூவை அப்படியே என் தலையில் வைத்தார். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே தொண்ட!" என்று கன்னியப்பன் ஐயா காதைத் தேய்த்துக்கொண்டார்.

'இன்னொரு அடக்கமா?' என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்பாவின் கண் இன்னும் ஈரமாக இருந்தது. அதனால் விழுங்கிவிட்டேன்.

ஆன்சன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். திறந்த தீப்பெட்டியை அப்பாவிடம் நீட்டி, "ப்பா, அப்போ இத இன்னா பண்றது?" என்றான்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு தொட்டியிலிருந்து அந்த வெற்றுச் சட்டையை மெதுவாக எடுத்து, தீப்பெட்டிக்குள் வைத்து மூடினார். அதை ஆன்சன் கையிலேயே கொடுத்தார்.

"இத ஃப்ரிட்ஜ் மேல பத்திரமா வை. உங்கக்கா ஏதாவது சொல்லி நான் சிரிச்சேன்னா, எடுத்தாந்து என் மூஞ்சிக்கு நேரா காட்டு."

இதுவரை ஆன்சன் அதை இரண்டு தடவை எடுத்துக் காட்டிவிட்டான். இரண்டு தடவையும் அப்பா டிவியை நிறுத்திவிட்டு, நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.